பத்தொன்பது கூறுகள்

ஊர்ச்சபையின் தலைவர், உயர்திரு லூனாஸ் அவர்களே! அவருக்கு வலமும் இடமுமாக வீற்றிருக்கும் சபைப் பெரியோர்களே! மார்பில் பதக்கத்தையும் முழங்காலில் வலியையும் சுமந்து இந்த மேட்டை ஏறி வந்திருக்கும் என் மலைத் தோழர்களே! பெற்ற பிள்ளைகளை மலைக்குக் கொடுத்துவிட்டு, பளிங்குக் கல்லில் வெறும் பெயர்களாகத் திரும்பப் பெற்றுக்கொண்ட தாய்மார்களே! பாரிசிலிருந்தும் லியோனிலிருந்தும் விடுமுறைக்கு வந்து, பிறந்த ஊர் வெயிலைத் தாங்க முடியாமல் தொப்பியால் விசிறிக்கொண்டிருக்கும் சகோதரர்களே! அத்தி மரத்தடியில் நின்று, 'இந்தக் கசாப்புக்காரன் எப்போது முடிப்பான், கூஸ்கூஸ் சாப்பாடு எப்போது வரும்' என்று காத்திருக்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மொக்ரானின் வணக்கம்.

இன்று அல்ஜீரியத் திருநாட்டின் விடுதலைக்கு இருபத்தைந்து வயது. வெள்ளி விழா! இருபத்தைந்து ஆண்டுகளாக இதே நாளில், இதே மேடையில், இதே வாயால் ஒரே கதையை நான் உங்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். எந்தக் கதை?

ஆமாம், கேட்கிறது. 'பரக்கத்து கதை' என்று அத்தி மரத்தடியிலிருந்து கத்துகிறார்கள். அதேதான். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஊர்ப்பங்கு விழாவில், பிரெஞ்சுப் பட்டாளத்துச் சட்டை போட்ட ஷாபான் இறைச்சிக் கூறுகளைக் கொள்ளையடித்துப் போன கதை. போன பிறகும் ஒரு தலைக்கும் குறைவில்லாமல் எல்லோருக்கும் கூறு கிடைத்த கதை. மேலே உறங்கும் நம் மகானின் அருளால் இறைச்சி வளர்ந்தது என்று நாம் குலவையிட்டுக் கொண்டாடும் கதை. அந்த அதிசயத்துக்காக மகானின் சமாதிக்கு நாம் எத்தனை முறை வெள்ளையடித்திருக்கிறோம்! அந்த அதிசயத்தைச் சொல்லி எத்தனை பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறோம்!

இந்த ஆண்டு அதை நான் மாற்றிச் சொல்லப் போகிறேன்.

சலசலக்காதீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு அடிக்க வேண்டுமென்றால் அடியுங்கள். என் கடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஏன் மாற்றுகிறேன்? ஷாபான் இறந்துவிட்டான். வட பிரான்சில், ரூபே நகரத்தில், நுரையீரல் கெட்டு இறந்தான். அவன் மனைவி ஃபெரூஜா அவனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பெட்டி நான்கு நாட்களாக மாவட்ட மருத்துவமனையின் குளிர் அறையில் கிடக்கிறது. இந்த ஊர் மண்ணில் அவனுக்குக் குழி தோண்டலாமா கூடாதா என்று நம் சபை இந்தக் கூட்டம் முடிந்ததும் கூடி முடிவு சொல்லப் போகிறது. முடிவு என்னவென்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். நேற்று காப்பிக் கடையில் கேட்டேன். "நாட்டைக் காட்டிக் கொடுத்ததைக்கூட விட்டுறலாம்பா. ஊர்ப்பங்கத் திருடினவன எப்படி விடுறது?" என்றார்கள். அந்தச் சொல் என்னைச் சுட்டது. அந்தத் திருட்டுக்குச் சாட்சி யார்? ஒவ்வோர் ஆண்டும் ஒலிபெருக்கியில் சாட்சி சொன்னவன் யார்? நான்! நான்! இந்த நான்!

தோழர்களே, ஷாபானுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவன் பிரெஞ்சுக்காரனின் துப்பாக்கியைத் தூக்கினான். மூன்று ஆண்டுகள் அவர்களுக்கு வழி காட்டினான். மேல் தெருவில் தீ வைத்தபோது தீப்பந்தம் அவன் கையில் இருந்தது. மல்ஹா அக்காவின் ஒலிவச் செக்கு சாம்பலானது அவன் கையால். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மல்ஹா அக்கா இதை மறக்க வேண்டாம், நானும் மறக்கவில்லை.

ஆனால் இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. நாம் மறந்துவிட்டோம், அவ்வளவு வசதியாக மறந்துவிட்டோம். அவன் எப்போது அந்தச் சட்டையைப் போட்டான்? அவன் தந்தையின் கழுத்தை நம்மவர்கள் அறுத்த பிறகு. நம் ஆட்களைக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான் என்ற பொய்ச் சொல்லை நம்பி அறுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, காட்டிக் கொடுத்தவன் பக்கத்து ஊர்க்காரன் என்று தெரிய வந்தது. அன்று நம்மில் ஒருவராவது அந்த வீட்டு வாசலில் போய் நின்று, 'தவறு செய்துவிட்டோம், ஷாபான்' என்று சொன்னோமா? பிரெஞ்சுக்காரன் செய்த கொடுமைகளைப் பக்கம் பக்கமாக எழுதிப் பள்ளிக்கூடத்தில் பாடம் வைத்தோமே, நாம் செய்த இந்த ஒரு கொடுமையை ஒரு வரியிலாவது எழுதினோமா?

ஏன் தலை குனிகிறீர்கள்? நானும்தான் குனிகிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. மலை முழுதும் பட்டாளம். வானத்தில் ஹெலிகாப்டர், வழியில் முள்கம்பி, வாசலில் பூட்ஸ் சத்தம். நம் ஊரிலிருந்து பத்தொன்பது பேர் விடுதலைப் படையில் சேர்ந்து மலையில் இருந்தார்கள். பத்தொன்பது பேரையும் நாம் என்ன சொல்லி மறைத்து வைத்திருந்தோம்? இறந்துவிட்டார்கள் என்று! ஒருவன் பள்ளத்தில் விழுந்து செத்தான்; ஒருவன் காய்ச்சலில் செத்தான்; ஒருவனைப் பிரான்சில் லாரி ஏற்றிக் கொன்றோம். உயிரோடு இருந்த பிள்ளைகளுக்கு உயிரோடு இருந்த தாய்மார்கள் ஒப்பாரி வைத்தார்கள். என் அண்ணன் அரெஸ்கிக்கு என் தாய் மூன்று நாள் அழுதாள். பிரெஞ்சுக்காரன் முன்னால் நடிப்பாகத் தொடங்கிய அழுகை, வீட்டுக்கு வந்தபின்னும் நிற்கவில்லை.

அப்போது நம் பகுதியை ஆண்டவன் கேப்டன் வெர்னூ. படித்தவன். சத்தம் போடாதவன். நம் பழக்கவழக்கங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறவன். இரண்டு ஆண்டுகளாகத் தடை செய்திருந்த ஊர்ப்பங்கு விழாவை அந்த இலையுதிர் காலத்தில் அவனாகவே வந்து, "நடத்திக்கொள்ளுங்கள்" என்றான். நம் பெரியவர்கள் மகிழ்ந்தார்களா? இல்லை, நடுங்கினார்கள். ஏன்?

ஊர்ப்பங்கின் சட்டம் உங்களுக்குத் தெரியும். மாட்டை ஊர் வாங்கும், ஊர் அறுக்கும், இந்தச் சபை மைதானத்தில் தழை பரப்பி, உயிருள்ள தலைக்கு ஒரு கூறு வைக்கும். ஊரில் இருப்பவனுக்கும் ஒன்று. பிரான்சின் சுரங்கத்தில் கரி வெட்டுகிறவனுக்கும் ஒன்று. நேற்றுப் பிறந்து பெயர் வைக்காத குழந்தைக்கும் ஒன்று; படுக்கையில் கிடக்கும் கிழவனுக்கும் ஒன்று. பணக்காரனுக்கு இரண்டில்லை, ஏழைக்கு அரையில்லை. கூறு கிடையாது என்றால் அவன் செத்தவன். வேறு பொருள் இல்லை. ஆக, தழையின் மேல் எத்தனை கூறு இருக்கிறதோ, அத்தனை உயிர் இந்த ஊரில் இருக்கிறது. கேப்டனின் பட்டியலில் உயிருள்ளவர்கள் இருநூற்று முப்பத்தொருவர். கூறு இருநூற்று முப்பத்திரண்டு என்றால்? செத்தவன் ஒருவன் மலையில் உயிரோடு இருக்கிறான்! அவன் வீடு எரியும். அவன் தந்தையைக் கூட்டிப் போவார்கள். திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள்.

அன்றைய சபைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நான்தான் கூறு போடுகிறவன். அப்போதும் கசாப்புக்காரன், இப்போதும் கசாப்புக்காரன். எலும்பு அதிகம் போடுகிறேன் என்று என்னைத் திட்டுகிறீர்களே தவிர, எண்ணிக்கை தவறியது என்று யாராவது இதுவரை சொன்னதுண்டா?

"டேய் மொக்ரான், அவன் சும்மா வரல, எண்ண வர்றான். இருநூத்து முப்பத்தொண்ணு. ஒண்ணு கூடினா ஊரு போச்சு. புரியுதா?" என்றார்.

"புரியுதுங்க."

"உன் அண்ணனும் அந்தப் பத்தொம்பதுல ஒருத்தன். கை நடுங்கிறக் கூடாது."

"நடுங்காதுங்க," என்றேன்.

வீட்டில் என் தாயும் அதையே சொன்னாள். "மறந்துபோய்க்கூட அவனுக்கு வெச்சிறாதடா." சொன்னாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்.

காலையில் மூன்று மாடு அறுத்தோம். தழை பரப்பினோம். வரிசை வரிசையாகக் கூறு போட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டு வரிசை வந்தது. தந்தைக்கு ஒன்று. தாய்க்கு ஒன்று. எனக்கு ஒன்று. அடுத்தது அரெஸ்கி. என் கை நின்றது. பெரியோர்களே, அந்தக் கூறை விட்டுவிட்டால் என்ன அர்த்தம்? பிரெஞ்சுக்காரனிடம் சொன்ன பொய் வேறு. ஊர்ப்பங்கில் பொய் சொன்னதாக நம் முப்பாட்டன் காலத்திலிருந்து வரலாறு இல்லையே! இங்கே விட்டால் என் அண்ணனை என் கையால் நானே புதைத்தது போல ஆகாதா? என் கை கேட்கவில்லை. வைத்தேன். அரெஸ்கிக்கு ஒரு கூறு வைத்தேன். என் அண்ணனுக்கு வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரனின் அண்ணனுக்கு எப்படி வைக்காமல் விடுவேன்? அதற்கடுத்த வீட்டில் மல்ஹா அக்காவின் கணவர், மெசியான். அவருக்கு? வைத்தேன். ஒவ்வொன்றாக வைத்தேன். பத்தொன்பது கூறுகள்! சபை சொல்லை மீறினேன்; தலைவருக்குக் கொடுத்த வாக்கை மீறினேன்; பத்தொன்பது வீட்டுக் கூரைக்கும் என் கையால் நெருப்பு மூட்டினேன்.

அமைதி! அமைதி! யாரது, "அடப்பாவி, நீயா?" என்பது? ஆமாம் ஐயா. நான்தான். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரு சக மனிதனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது ஒலிபெருக்கியில் சொல்கிறேன். இன்னும் மிச்சம் இருக்கிறது, கேளுங்கள்.

ஊர் ஆண்கள் மைதானத்து விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். இருநூற்றைம்பது கூறை யார் உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ண முடியும்? ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது கீழேயிருந்து ஷாபான் வந்தான், இரண்டு சிப்பாய்களோடு. கேப்டன் ஜீப்பிலிருந்து இறங்கி மேடேறி வருவதற்குள் ஒரு முறை எண்ணி வைக்கும்படி அவனை முன்னால் அனுப்பியிருந்தான். ஷாபான் தடியால் தொட்டுத் தொட்டு எண்ணினான். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. கடைசி வரிசையின் கடைசிக் கூறில் தடி நின்றது. இருநூற்றைம்பது. அவனும் இந்த ஊர்க்காரன்தானே? சட்டை மாறினால் சட்டம் மறந்துபோகுமா? அந்தப் பத்தொன்பது யார் யாருக்கு என்று அவனுக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கத்தி என் கையில் இருந்தது. என் உயிர் அவன் வாயில் இருந்தது. அவன் ஒரு சொல் சொன்னால் போதும். தந்தையை இழந்தவனுக்குப் பழி தீர்க்க இதைவிட நல்ல வேளை கிடைக்குமா? கேப்டனின் தொப்பி மேட்டின் அடியில் தெரியத் தொடங்கியது.

ஷாபான் கத்தினான். ஊர் முழுதும் கேட்கும்படி கத்தினான்: "என்னடா இது? எங்க பட்டாளத்துக்குக் கூறு எங்க? நாங்க என்ன மனுசங்க இல்லையா? மரியாதையாக் குடுத்தா வாங்கியிருப்போம். இப்ப பாருங்கடா!"

சிப்பாய்களிடம் சாக்கை விரிக்கச் சொன்னான். பூட்ஸ் காலோடு தழையின் மேல் ஏறினான். ஏறி, கூறு கூறாக வாரிப் போட்டான். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். மல்ஹா அக்கா, நீங்கள்தான் முன்னால் ஓடி வந்தீர்கள். "நாசமாப் போறவனே! உனக்கு ஆறடி மண்ணுகூடக் கெடைக்காதுடா!" என்று நீங்கள்தான் கத்தினீர்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் அவனுக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். அவன் உதடு அசைந்தது. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. அதோடு சாக்கைக் கட்டச் சொன்னான்!

இருபதாவது கூறு கொழுத்த கூறு, தாய்மார்களே. நான் வெட்டியது, எனக்குத் தெரியும். அதன் மேல் அவன் கை படவில்லை.

சாக்கு பின்வழியாக முகாமுக்குப் போனது. கேப்டன் முன்வழியாக மைதானத்துக்கு வந்தான். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தானே எண்ணினான், இரண்டு முறை எண்ணினான். இருநூற்று முப்பத்தொன்று! மூன்றாம் முறையும் எண்ணினான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 'அந்தப் பொம்பளை ஏன் அழுகிறாள்' என்று மல்ஹா அக்காவைக் காட்டிக் கேட்டான். நம்மில் பலருக்கு அவன் மொழி தெரியாது, எனக்கு அரைகுறையாகப் புரியும். அவனுக்கு நம் மொழி தெரியாது. நடுவில் ஷாபான். "எலும்பு அதிகமா விழுந்திருச்சாம் சார், அதுக்கு அழுவுது" என்றான். கேப்டன் நோட்டை மூடிக்கொண்டு இறங்கிப் போனான். அந்த இரண்டு சிப்பாய்களும் வயிறு நிறையத் தின்றார்கள், வாயை மூடிக்கொண்டார்கள்.

பிறகு கூறுகளை எடுத்துக் கொடுத்தேன். உயிருள்ள இருநூற்று முப்பத்தொரு தலைக்கும் சரியாகக் கிடைத்தது. கொள்ளை போன பின்னும் குறையவில்லையே என்று யாரோ ஒருவர், "மகானோட பரக்கத்து!" என்றார். அவ்வளவுதான், குலவை எழுந்தது. நான் வாய் திறந்திருக்க வேண்டும். போர் முடியும்வரை திறக்க முடியாது, சரி. போர் முடிந்த பிறகு? வெட்கம். சபையை மீறியவன் என்று தெரிந்தால் இந்த மேடை கிடைக்குமா? இந்தப் பதக்கம் கிடைக்குமா? மகான் என்னை மன்னிக்கட்டும். நான் செய்த தவறையும் ஷாபான் செய்த உதவியையும் சேர்த்து அவர் தலையில் கட்டிவிட்டேன்.

எண்ணிப் பாருங்கள், பெரியோர்களே! அன்று அவன் வாய் திறந்திருந்தால் பத்தொன்பது வீடுகள் இல்லை. அந்தப் பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேர் பின்னால் போரில் விழுந்தார்கள். என் அரெஸ்கியும் விழுந்தான். அவர்கள் பெயர்கள் இதோ இந்தப் பளிங்கில். ஏழு பேர் உயிரோடு திரும்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இருந்தது, தந்தை இருந்தார், தாய் இருந்தாள். மெசியான் திரும்பி வந்து நான்கு பிள்ளைகளைப் பெற்றார். மல்ஹா அக்கா, அந்த நால்வரில் மூத்தவன்தான் இந்த ஒலிபெருக்கியைக் கட்டியவன்!

முந்தா நாள் ஃபெரூஜா என் கடைக்கு வந்தார். அழவில்லை. ஊரில் யாரும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில் படுத்துக்கொள்கிறாராம். "மொக்ரான் அண்ணே, அவரு கடைசியா எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னாரு," என்றார்.

"என்ன சொன்னான்?"

"'கூறு போட்ட கை அன்னைக்கு ஏன் கூடப் போட்டுச்சுன்னு எனக்குத் தெரியும், நானா இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்'னு சொன்னாரு. ஆனா உங்களக் கேக்கக் கூடாதுன்னுட்டாரு. 'சொல்றதா இருந்தா அவனே சொல்லட்டும். அவன் சொல்லலேன்னா பெட்டியத் திருப்பிக் கொண்டு போயிரு'ன்னாரு."

"அப்புறம் ஏன்மா வந்தே?"

"கேக்க வரல அண்ணே. ஞாயித்துக்கிழமை திரும்பிப் போற கப்பலு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

இன்று ஞாயிற்றுக்கிழமை, சகோதரர்களே!

தலைவர் அவர்களே, ஒருமுறை இந்தச் சபையை மீறிவிட்டேன். இன்னொரு முறை மீற மாட்டேன். இரவோடு இரவாக நானே போய்ப் புதைத்துவிடலாம் என்று நினைத்தேன். அது திருட்டு. ஆகவே பகலில், ஊர் நடுவில், கேட்கிறேன். எனக்குத் தண்டம் போடுங்கள், கட்டுகிறேன். ஊர்விலக்கு வையுங்கள், ஏற்கிறேன். இந்த மேடையில் இனி என்னை ஏற்றாதீர்கள். ஷாபானைத் தியாகி என்று நான் சொல்லவில்லை. பளிங்கில் அவன் பெயரை வெட்டச் சொல்லவில்லை. அவன் செய்த கொடுமைகளை அவன் ஆண்டவனிடம் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அவன் செய்யாத ஒரு திருட்டுக்காக அவனை இந்த ஊர் வாசலிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள். இந்த ஊரில் பிறந்த ஒரு தலை அது. அந்தத் தலைக்கு இங்கே ஒரு கூறு மண் உண்டா, இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். மல்ஹா அக்கா எழுந்திருக்கிறார். வழி விடுங்கள். அக்கா பேசட்டும். அவருக்கு ஒலிபெருக்கி எட்டாது. பின்னால் இருப்பவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன்.

அக்கா சொல்கிறார்: "என் செக்க எரிச்சவன நான் மன்னிக்கல. சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

சரி அக்கா.

"ஆனா மெசியானுக்கு வெச்ச கூறையும் சேத்து வாரிட்டுப் போனவனத்தான் நான் மண்ணு கெடைக்காதுன்னு சபிச்சேன்னா, அந்தச் சாபம் எனக்கு வேண்டாம். குழி வெட்டப் போற ஆம்பளைங்க பசியோட வெட்டக் கூடாது. ரொட்டி நான் சுடுறேன். அந்தப் பொண்ண எங்க வீட்டுக்கு வரச் சொல்லு."

அன்பார்ந்த ஊராரே, முடித்துக்கொள்கிறேன். தலைவர் அவர்களே, கப்பல் மாலையில் புறப்படுகிறது. கூட்டம் முடியும்வரை காத்திருக்காமல் சபையை இப்போதே, இங்கேயே கேளுங்கள். மண்வெட்டி எடுப்பவர்கள் கை தூக்கட்டும். இதோ, அன்று கூடுதலாக வெட்டிய என் கையை முதலில் தூக்குகிறேன். பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், அடிக்காமல் கேட்ட தோழர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் எல்லோருக்கும் அமைதி உண்டாகட்டும். பெட்டிக்குள் காத்திருக்கிறவனுக்கும் அது உண்டாகட்டும். வணக்கம்.